மடக்குக்கத்திக்கு நாற்பதாயிரம் ரூபாயா?

மடித்தால் அலகு பிடிக்குள் போய் அடங்கிவிடும் கத்திதான் மடக்குக்கத்தி. உறை இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்பதே அதன் பெரிய வசதி. இறகை எழுதுகோலாக்கி மையில் தோய்த்து எழுதிய காலத்தில், இறகின் முனையைச் சீவ வைத்திருந்த சிறு கத்தியை ஆங்கிலேயர் பென்நைஃப் என்றார்கள். பேனாக்கத்தி என்ற நம் சொல் அதன் வழி வந்தது. கத்தியின் வயது அந்தப் பெயரைவிட மிகப் பெரியது. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் கிடைத்த, எலும்புப் பிடி போட்ட மடக்குக்கத்தியைக் கி.மு. 600க்கும் 500க்கும் இடைப்பட்டதாகக் கணித்திருக்கிறார்கள். அலகு, பிடி, இரண்டையும் கோக்கும் அச்சு என்ற மூன்றே உறுப்புகள். இத்தனை நூற்றாண்டுகளில் அந்தக் கணக்கு மாறவில்லை.

மாறியது விலை. பிரான்சின் ஒப்பினெல் நிறுவனத்தின் 8ஆம் எண் கத்தி இன்று 20 டாலருக்குள் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செய்யப்படும் செபென்சா என்ற கத்திக்கு 500 டாலர் அளவுக்குக் கொடுக்க வேண்டும். நம் கணக்கில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தனி வினைஞர்கள் கையால் செய்பவை ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். ஆப்பிள் நறுக்கவும் கயிறு அறுக்கவும் அட்டைப்பெட்டி திறக்கவும் இவை எல்லாமே உதவும். அப்படியிருக்க, இருபத்தைந்து மடங்கு கூடுதல் பணம் எதற்குப் போகிறது, அது தகுமா என்பது நியாயமான கேள்வி.

மலிவின் பெருமை

விலையுயர்ந்த கத்தியை எடைபோடுவதற்கு முன், விலை குறைந்த நல்ல கத்தி எதுவரை போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜோசப் ஒப்பினெல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவாயில் வாழ்ந்த கருவிக் கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. 1890இல் அவர் செய்த கத்தியில் பீச் மரப் பிடி, ஒரு கரிம எஃகு அலகு, ஓர் அச்சு மட்டுமே இருந்தன. 1897இல் அதையே 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் வெளியிட்டார்கள். திறந்த அலகு கைமேல் மடிந்துவிடாமல் தடுக்கும் சுழல் வளையம் 1955இல் சேர்ந்தது. அதன் பிறகு பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்தக் கத்தியின் இரகசியம் அதன் மெலிவு. 8ஆம் எண் அலகின் முதுகு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கிருந்து வாய் வரை சீராகச் சரிந்து, கூரான இடத்துக்கு மேலே காகிதம்போல் நிற்கும். மாம்பழமோ மரக்குச்சியோ, பொருளைப் பிளந்துகொண்டு போகாமல் அறுத்துக்கொண்டு போகும். குறையும் உண்டு. மழையில் நனைந்தால் மரப் பிடி உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். அப்போது சவாய்க்காரர்கள் பிடியின் அடிப்பாகத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டி அலகை வெளியே நகர்த்துவார்கள். கரிம எஃகு அலகைத் துடைக்காமல் வைத்தால் ஒரே இரவில் துரு பூக்கும். துருப்பிடிக்காத எஃகில் வரும் வகையை வாங்கினால் அந்தத் தொல்லையும் இல்லை.

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் இன்னொரு வகை. கார்ல் எல்சனர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கி, 1891இல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி கொடுத்தார். இன்னொரு சிறு அலகும் தக்கைத் திருகியும் சேர்ந்த அதிகாரிக் கத்தி 1897இல் பதிவானது. தாயின் பெயரான விக்டோரியாவையும், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமான இனாக்ஸையும் ஒட்டி 1921இல் பிறந்தது விக்டோரினாக்ஸ் என்ற பெயர். இதன் எஃகு மென்மையானது. ராக்வெல் கடின அளவில் சுமார் 55, 56. சீக்கிரம் மழுங்கும். ஆனால் சாதாரணச் சாணைக்கல்லில் நான்கு இழுப்பு இழுத்தால் மறுபடி கூராகிவிடும். உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும் எளிதில் அசையாது. நாற்பது டாலருக்குள் கிடைக்கும் இந்தக் கத்தியோடு போட்டியிட்டுத்தான் நாற்பதாயிரம் ரூபாய்க் கத்தி தன் விலையை நிரூபிக்க வேண்டும்.

எஃகில் எவ்வளவு இருக்கிறது?

விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் படுவது எஃகின் பெயர்: எஸ்30வி, எம்390, மேக்னாகட். இவை பெரும்பாலும் தூள் உலோக முறையில் உருவானவை. உருகிய எஃகைப் பெரிய அச்சில் ஊற்றி ஆறவிட்டால், அதிலுள்ள கரிமம் குரோமியத்தோடும் வனேடியத்தோடும் சேர்ந்து கார்பைடு என்னும் கடினமான மணிகளாகத் திரளும். மெதுவாக ஆறும்போது அந்த மணிகள் பெருத்து ஒழுங்கின்றிக் கிடக்கும். பெரிய மணி இருக்கும் இடத்தில் வாய் உதிரும், அல்லது அலகு எளிதில் முறியும். இதைத் தவிர்க்க, உருகிய எஃகை நைட்ரஜன் வாயுவால் பீய்ச்சி நுண்துளிகளாக்குகிறார்கள். ஒவ்வொரு துளியும் நொடியில் உறைவதால் கார்பைடு பெருக்க நேரமே இல்லை. பின் அந்தத் தூளைக் கலனில் அடைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒரே கட்டியாக்குகிறார்கள். அமெரிக்காவின் குருசிபில் நிறுவனம் 1970இல் இதை வணிக அளவில் தொடங்கியது. கத்திக்கென்றே வடிவமைத்த எஸ்30வி எஃகு 2001இல் வந்தது. அதை உருவாக்கியபோது ஆலோசனை சொன்ன கத்தி வினைஞர்களில் செபென்சாவைப் படைத்த கிறிஸ் ரீவும் ஒருவர்.

எஸ்30வியில் சுமார் 1.45 விழுக்காடு கரிமம், 14 விழுக்காடு குரோமியம், 4 விழுக்காடு வனேடியம். வனேடியம் கார்பைடு, சாதாரணச் சாணைக்கல்லில் இருக்கும் அலுமினிய ஆக்சைடைவிடக் கடினமானது. கத்தியின் வாய் அட்டையையும் கயிற்றையும் நாள்கணக்கில் அறுத்தும் தேயாமல் நிற்பதற்கு அதுவே காரணம். விலை ஏறுவதற்கும் அதே காரணம்தான்: பட்டறையில் தேய்க்கும் பட்டைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும், வேலை மெதுவாக நகரும். வாங்கியவருக்கும் அதன் மறுபக்கம் காத்திருக்கிறது. மழுங்கிய எஸ்30வியை வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டினால் பொறுமை போய்விடும். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அந்தத் தகட்டுக்குப் பணம் ஒதுக்காமல் விலையுயர்ந்த எஃகை வாங்குகிறவர், ஓராண்டில் தன் கையிலிருப்பது மழுங்கல் கத்தி என்று கண்டுகொள்வார்.

எஃகில் எல்லா நற்குணங்களையும் ஒரே அளவில் ஏற்ற முடியாது. தேயாமல் இருக்கக் கார்பைடைக் கூட்டினால் முறியாமல் வளையும் குணம் குறையும். துருவைத் தடுக்கக் குரோமியத்தைக் கூட்டினால் அதில் ஒரு பகுதி கார்பைடில் சிக்கி வீணாகும். உலோகவியலர் லேரின் தாமஸ் உருவாக்கி 2021இல் வெளிவந்த மேக்னாகட் எஃகு, குரோமியம் கார்பைடு உருவாகாதபடி கலவையை அமைத்து இந்த இக்கட்டை நன்றாகவே தளர்த்தியது. அது வந்த சில ஆண்டுகளில் நூற்றைம்பது, இருநூறு டாலர் கத்திகளிலும் புகுந்துவிட்டது என்பது வாங்குவோர் கவனிக்க வேண்டிய சங்கதி. எஃகு மட்டுமே ஐந்நூறு டாலர் விலைக்கு நியாயம் ஆகாது.

அதைவிட முக்கியமான ஒன்றை எஃகின் பெயர் மறைத்துவிடுகிறது. ஒரே எஃகை இரண்டு பட்டறைகள் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதமேற்றினால் இரண்டு வேறு கத்திகள் கிடைக்கும். பதம் தவறினால் எம்390ஆக இருந்தாலும் வாய் மடங்கும். நம்பத்தக்க பட்டறையின் பதம், பெயர்பெற்ற எஃகின் பெயரைவிட மதிப்புடையது. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964இல் சந்தைக்குக் கொண்டுவந்த 110 கத்தி, பிற்காலத்தில் 420எச்சி என்ற எளிய எஃகுக்கு மாறிய பிறகும் தன் பதத்தால் பேரைக் காத்துக்கொண்டது.

பதத்துக்கும் மேலே நிற்பது வடிவம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள கட்லரி ஆய்வு அமைப்பான கேட்ரா, மணல் கலந்த அட்டைகளைக் கத்தி எவ்வளவு அறுக்கிறது என்று அளக்கும் இயந்திரம் வைத்திருக்கிறது. அவ்வகை இயந்திரத்தில் பல எஃகுகளைச் சோதித்த லேரின் தாமஸ், வாயின் கோணம் குறையக் குறைய அறுப்புத் திறன் பெருமளவு கூடுவதைக் காட்டியிருக்கிறார். அகன்ற கோணத்தில் தீட்டிய உயர்ந்த எஃகை, குறுகிய கோணத்தில் தீட்டிய எளிய எஃகு தோற்கடித்துவிடும். விலையுயர்ந்த மடக்குக்கத்திகள் பலவற்றின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. பெரிய செபென்சாவின் முதுகு மூன்று மில்லிமீட்டருக்கு மேல். ஒஹையோவின் ரிக் ஹிண்டரர் செய்யும் எக்ஸ்எம்-18 அதையும் மிஞ்சும். உறுதிக்காகச் சேர்த்த அந்தத் தடிமன் கேரட்டை வெட்டும்போது பிளக்கிறது. அதே கேரட்டை ஒப்பினெல் மெல்லிய வில்லைகளாக நறுக்கும்.

டமாஸ்கஸ் என்று சொல்லி அலை அலையான கோலத்துடன் விற்கும் அலகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய டமாஸ்கஸ் வாள்களின் மூலப்பொருள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிய எஃகு. கொடுமணல் அகழாய்வில் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியர் அதை வூட்ஸ் என்றார்கள். கன்னடத்தின் உக்கு, தமிழின் உருக்கு ஆகிய சொற்களோடு அந்தப் பெயர் உறவுடையது. இன்று கடைகளில் டமாஸ்கஸ் என்று விற்பது வேறு பொருள்: இரண்டு வகை எஃகை அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் தோய்த்துக் கோலம் வரவழைத்தது. அழகு உண்டு, கொடுக்கும் கூடுதல் விலை அந்த அழகுக்கு மட்டுமே.

கீலும் பூட்டும்

எஃகிலும் அறுப்பிலும் கிடைக்காத நியாயம் கத்தியின் உடம்பில் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் தொழில் தொடங்கிய கிறிஸ் ரீவ் 1989இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து பாய்சி நகருக்குக் குடிபெயர்ந்தார். சூலு மொழியில் செபென்சா என்றால் வேலை. கத்தியின் பிடி இரண்டு டைட்டானியத் தகடுகள். அதில் ஒரு தகட்டையே நீளவாட்டில் அறுத்து, அந்தப் பட்டையை வில்போல் உள்நோக்கி வளைத்திருக்கிறார்கள். அலகு திறந்ததும் அந்தப் பட்டை அலகின் அடிக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுத்து நிற்கும். தனியாக ஒரு பூட்டு உறுப்பு தேவையில்லை, பிடிதான் பூட்டு. கை எவ்வளவு இறுகப் பிடிக்கிறதோ அவ்வளவு பூட்டும் இறுகும். 1980களில் மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்திய உள்தகட்டுப் பூட்டிலிருந்து வளர்ந்த இந்த அமைப்பை இன்று உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள்.

கேட்க எளிமையாக இருந்தாலும் செய்வது கடினம். டைட்டானியம் வெப்பத்தை விரைவில் கடத்தாது. கடைசல் கருவியின் முனையிலேயே சூடு தங்கி முனையைத் தின்றுவிடும். ஆகவே மெதுவாகத்தான் கடைய வேண்டும். பூட்டுப் பட்டை அலகின் அடியோடு சேரும் முகம் மயிரிழை பிசகினாலும் அலகு ஆடும், அல்லது பூட்டு சிக்கிக்கொள்ளும். மலிவான நகல்களில் சில மாதங்களிலேயே அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்குவது இதனால்தான். டைட்டானியம் எஃகோடு உரசித் தேயாமல் இருக்க, பிற்கால செபென்சா 31இல் அந்த முகத்தில் ஒரு பீங்கான் குண்டு பதித்திருக்கிறார்கள். அச்சுத் திருகாணியை முழுக்க முடுக்கினாலும் அலகு இறுகாது, தளராது. அவ்வளவு கணக்காக அளவெடுத்த உறை உள்ளே இருக்கிறது. உரிமையாளரே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டலாம். முடியாவிட்டால் நிறுவனத்துக்கு அனுப்பினால் பிரித்துக் கழுவி, தீட்டித் திருப்பி அனுப்புகிறார்கள்.

இருபது ஆண்டு நாள்தோறும் திறந்து மூடும் ஒரு பொருளுக்கு இந்தக் கவனம் வீண் அல்ல. கயிறும் உப்புத்தண்ணீரும் புழங்கும் படகில் வேலை செய்கிறவர், மரம் ஏறிக் கிளை கழிக்கிறவர், மீட்புப் பணியாளர் ஆகியோர் ஒரு கையில் பொருளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கத்தியைத் திறக்க வேண்டியவர்கள். அவர்களுக்குப் பூட்டு நழுவினால் போவது விரல். அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ஸ்பைடர்கோ 1981இல் அலகில் வட்டத் துளையிட்டு, பிடியில் பை மாட்டும் கவ்வியும் வைத்து, கட்டைவிரலால் திறக்கும் கத்தியை அறிமுகம் செய்ததும் இப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான். அந்த நிறுவனத்தின் நல்ல கத்திகள் செபென்சாவின் பாதி விலைக்கும் குறைவு. பூட்டின் நம்பகத்தில் பின்தங்கியவை அல்ல.

விலையைச் சரித்த சீனம்

2010க்குப் பிறகு இந்தச் சந்தையின் கணக்கைப் புரட்டியது சீனத்தின் குவாங்தொங் மாநிலத்து யாங்ஜியாங் நகரம். கத்தித் தொழிலுக்கே பேர்போன அந்த ஊரின் கைசர், வீ போன்ற நிறுவனங்கள் டைட்டானியப் பிடி, தூள் எஃகு அலகு, மணிபோல் உருளும் தாங்கி எல்லாவற்றையும் இருநூறு டாலர் ஒட்டிய விலையில் தரத் தொடங்கின. நுண்ணிய கணினிக் கடைசல் இயந்திரம் யார் கையில் இருந்தாலும் அதே அளவைத்தான் வெட்டும். முன்பு ஐந்நூறு டாலர் கொடுத்தால்தான் கிடைத்த வேலைப்பாட்டின் பெரும்பகுதி இன்று பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கிறது. மீதி விலை பெயருக்கும், அமெரிக்கக் கூலிக்கும், பழுது பார்க்கும் வாக்குறுதிக்கும்.

அதே வெற்றி ஒரு கேட்டையும் கொண்டுவந்தது. புகழ்பெற்ற கத்திகளின் முத்திரையையே பொறித்த போலிகள் இணையச் சந்தையில் ஏராளம். வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. உள்ளே எஃகு எதுவோ, பதம் எதுவோ. ஐந்நூறு டாலர் கத்தி ஐம்பது டாலருக்கு வருகிறது என்றால் அது அந்தக் கத்தி அல்ல. பூட்டை நம்பி விரலை வைக்கும் பொருளில் போலி வாங்குவது ஆபத்து.

கலைப்பொருளாக

ஆயிரம் டாலருக்கு மேல் போனால் கருவி என்ற பேச்சே அடங்கிவிடுகிறது. ஆரிகனின் வில்லியம் ஹென்றி நிறுவனம் புதைபடிவ மாமத் தந்தம், விலைமதிப்புள்ள கற்கள், கைவேலைப்பாட்டு உலோகம் பதித்துக் கத்திகள் செய்கிறது. ரான் லேக், மைக்கேல் வாக்கர் போன்ற வினைஞர்களின் கத்திகளைச் சேகரிப்பாளர்கள் ஓவியம் வாங்குவதுபோல் வாங்குகிறார்கள். வாங்குபவருக்கு அந்த இன்பம் தெரிந்திருந்தால் அது பணத்துக்குத் தகுந்த பொருள்தான். கைக்கடிகாரத்துக்கும் வீணைக்கும் பணம் கொடுப்பதில் தவறு இல்லாததுபோல. விலை ஏறும் என்று நம்பி வாங்குவது வேறு. ஒரு சில வினைஞர்களின் பழைய படைப்புகள் தவிர மற்றவை பயன்படுத்திய பொருளின் விலைக்கு இறங்குவதுதான் வழக்கம். செபென்சா போன்றவை அதிகம் இறங்காமல் கைமாறுகின்றன என்பது உண்மை. அப்படியும் ஒரு முறை தவறாகத் தீட்டி அலகைக் கீறிவிட்டால் அந்த மதிப்பும் போகும்.

சட்டைப்பையும் சட்டமும்

விலையுயர்ந்த மடக்குக்கத்தியின் சிறப்பே ஒரு கையால் திறப்பதும் அலகு பூட்டிக்கொள்வதும். பல நாடுகளில் சட்டம் கை வைப்பதும் அதே இடத்தில்தான். பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்தியை மட்டுமே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். செபென்சாவை வைத்திருந்தால் தக்க காரணம் சொல்ல வேண்டும். சிறிய சுவிஸ் கத்திக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜெர்மனியும் ஒரு கையால் திறந்து பூட்டும் கத்தியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஜப்பானில் ஆறு சென்டிமீட்டரைத் தாண்டிய அலகைக் காரணமின்றி எடுத்துச் செல்லக் கூடாது. இந்தியாவில் ஆயுத விதிகள் ஒன்பது அங்குல நீளத்தையும் இரண்டு அங்குல அகலத்தையும் எல்லையாக வைத்து, வீடு, விவசாயம், தொழில் சார்ந்தவற்றுக்கு விலக்குத் தருகின்றன. மடக்குக்கத்திகள் பொதுவாக அந்த எல்லைக்குள் அடங்கும். ஆனாலும் காவல்துறையின் கட்டுப்பாடு உள்ள இடங்களில் எதையும் கொண்டுபோகக் கூடாது. விமானத்தில் கைப்பையில் வைத்தால் பல நாடுகளில் கத்தி பறிமுதல்தான். லண்டனில் வாழும் தமிழர் ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய்க் கத்தி வாங்கினால், அதைப் பெரும்பாலும் வீட்டு மேசையறையில்தான் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

யாருக்குத் தகும்?

அறுப்பதற்கு மட்டும் கத்தி வேண்டுபவருக்கு ஐந்நூறு டாலர் தகாது. மெல்லிய வாயும் நல்ல பதமும் உள்ள 20, 40 டாலர் கத்தி அவருடைய வேலையைக் குறைவின்றிச் செய்யும். பழம், காய், காகிதம் என்றால் இன்னும் நன்றாகவே செய்யும். நாள் முழுதும் கயிறும் அட்டையும் வெட்டுகிறவருக்கு, நல்ல பூட்டும் தூள் எஃகும் உள்ள 150 முதல் 200 டாலர் வரையிலான கத்தி கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் பதில் சொல்லும். அதற்கு மேல் போகும் பணம் அறுப்பைக் கூட்டுவதில்லை. இருபது ஆண்டு ஒரே கத்தியை வைத்திருந்து, அதன் நுண்மையை ஒவ்வொரு நாளும் கையில் உணர்கிறவருக்கு மட்டுமே அந்த விலை நியாயம்.

எந்த விலைக்கு வாங்கினாலும் கத்தியோடு ஒரு சாணைக்கல்லும் பழைய தோல்வாரும் வாங்க வேண்டும். வனேடியம் மிகுந்த எஃகானால் வைரத் தகடு. வாரம் ஒருமுறை தீட்டிய ஒப்பினெல்லின் முன்னால், தீட்டாமல் கிடக்கும் செபென்சா ஒரு தக்காளியின் தோலைக்கூட அறுக்காது.